மணலுக்கு மட்டும் போட்ட கணக்கு

ஜூன் 14

பொறியாளர் அம்மா அவர்களுக்கு,

அக்கா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்ட ஒதுக்கிய மனை என்ன ஆயிற்று என்று கேட்க இன்று கல்வி அலுவலகம் போனேன். அங்கே இருக்கிற கிளார்க் ஃபைலைப் புரட்டிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். "டீச்சர், மண்ணு சரியில்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. பூகம்பம் வந்தா அடியில இருக்கிற மணல் இளகிடுமாம். கையெழுத்து யாருதுன்னு பாத்தீங்களா? உங்க அக்கா இல்ல? வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிருக்கலாமே!" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த மனைக்காக நான் ஏறி இறங்காத படி கிடையாது. எத்தனை மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறேன் என்று உனக்கே தெரியும், ஒவ்வொன்றையும் உன்னிடம்தானே புலம்பினேன். என் பிள்ளைகள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மழை பெய்தால் நான் சொல்வது எனக்கே கேட்காது. வெயிலடித்தால் முதல் வகுப்புக் குழந்தைகள் மயங்கி விழுகிறார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியாத கதையா?

போன மாதம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வந்தாய். என் பக்கத்தில்தான் படுத்திருந்தாய். மனை கிடைத்துவிட்டது, அடுத்த வருடம் மாடிக் கட்டடம், கக்கூஸ்கூடத் தனித்தனியாக வருகிறது என்று நான் சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டுக்கொண்டு "ம்" போட்டாய். அப்போதே அறிக்கையில் கையெழுத்துப் போட்டு முடித்திருக்கிறாய். தேதியைப் பார்த்துவிட்டேன். எப்படி அக்கா உனக்கு "ம்" போட வாய் வந்தது?

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ நிதானமாகப் பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் கத்தினவள்தான் தப்பு என்று ஆகிவிடும். எழுதினால் எழுது.

இப்படிக்கு,
தகரக் கொட்டகைத் தலைமையாசிரியை


ஜூன் 22

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நீ திட்டியதில் முக்கால்வாசி எனக்குத் தகும்.

அலுவலகத்தில் நடப்பதை வெளியே பேசக் கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது. ஆனால் நான் சொல்லாததற்கு அது காரணம் இல்லை. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்து வெகு நாளாயிற்று. கெடுக்க மனம் வரவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க வேண்டாம்.

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. "எங்கக்கா மண்ணைத் தோண்டிப் பாக்கிறவ" என்று எல்லோரிடமும் சொல்வாய். தோண்டுகிறவர்கள் வேறு ஆட்கள். ஓர் இடத்தில் பூகம்பம் வந்தால் அங்கே தரை எவ்வளவு பலமாக ஆடும், எவ்வளவு நேரம் ஆடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. அந்த ஆட்டத்தை உங்கள் மனைக்கு அடியில் இருக்கும் மணல் தாங்குமா என்று அதற்கப்புறம் பார்க்க வேண்டும்.

அந்த மனை ஆற்றின் பழைய வழி. மேலே கொட்டிய மண்ணைச் சுரண்டினால் அடியில் முழுக்கத் தளர்ந்த மணல், அதில் தண்ணீர் ஊறி நிற்கிறது. பரிசோதனைக்காக ஓர் இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். நாலு தட்டுத் தட்டியதுமே விறுவிறுவென்று இறங்கியதாம். அடித்தவனே பயந்துபோனான்.

உங்கள் ஊரை இரண்டு பூகம்பங்கள் தாக்கலாம். ஒன்று பக்கத்தில், மலைக்குப் பின்னால் பூமிக்கடியில் இருக்கும் சின்னப் பிளவில் வருவது. வெடுக்கென்று ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றுவிடும். அதற்கு அந்த மணல் இளகாது. இன்னொன்று தூரத்தில் இருக்கும் பெரிய பிளவில் வருவது. அங்கிருந்து வருவதற்குள் வேகம் குறைந்திருக்கும், ஆனால் விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆட ஆட மணல் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி விட்டுப்போகும், நடுவில் இருக்கும் தண்ணீர் சுமையை வாங்கிக்கொள்ளும், நிலம் சேறாகிவிடும். மேலே நிற்கிற கட்டடம் சாய்ந்து உள்ளே போகும்.

என் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். "ரெண்டு பூகம்பத்தையும் சராசரி போட்டுடும்மா. பாஸ் ஆயிடும். பள்ளிக்கூடம், உனக்கும் புண்ணியம்" என்றார். போட்டுப் பார்த்தேன். ஆமாம், மனை தேறிவிடுகிறது. ஆனால் எட்டு வயதுப் பையனுக்கும் எண்பது வயதுக் கிழவருக்கும் சராசரி பார்த்து நாற்பத்து நான்கு வயது ஆளுக்குச் சட்டை தைத்தால் இரண்டு பேரில் யார் போட்டுக்கொள்வது? அப்படி ஒரு பூகம்பம் எந்தப் பிளவிலிருந்தும் வரப் போவதில்லை. வராத ஒன்றுக்குக் கட்டடத்தைக் கட்டி அதற்குள் உன் பிள்ளைகளை உட்கார வைக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கட்டவே கூடாது என்று நான் எழுதவில்லை. துளை போட்டு, ஜல்லியை இறுக்கி இறக்கி, மணலை நெருக்கிக் கெட்டிப்படுத்திவிட்டுக் கட்டலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நீயாவது படி.

அம்மாவுக்குச் சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

கடைசிப் பக்கத்தைப் படித்தேன். பிரதி எடுத்துக்கொண்டு பெரிய அதிகாரியிடமே போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னது இது: "டீச்சர், இந்த ஜல்லி எறக்குற காசுக்கு இன்னொரு பள்ளிக்கூடமே கட்டிடலாம். மண்ணுக்குள்ள பொதைச்ச காசுக்கு எந்த மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவாரு?" அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், அதுதான் இன்னும் எரிகிறது. ஃபைலைக் கிடப்பில் போட்டாயிற்று. மனையில் ஆடு மேய்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவ சின்னதுலேர்ந்தே அப்படித்தான்டி. ஊஞ்சல்ல உக்கார்றதுக்கு முன்னாடி கயித்தை இழுத்து இழுத்துப் பாப்பா. அதுக்குள்ள நீ ஏறி நாலு ஆட்டம் ஆடி எறங்கிடுவ" என்றாள். பெருமையாகச் சொன்னாளா குறையாகச் சொன்னாளா தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் "ரெண்டுந்தான்" என்கிறாள்.

என் கல்யாணத்துக்கும் நீ கயிற்றை இழுத்துப் பார்த்தாய். "இந்த ஆள் ரெண்டு வருஷம் தாங்க மாட்டான்" என்றாய். தாங்கவில்லை. அவன் என்னை விட்டுப் போன அன்றைக்கு நீ வந்து என் தலையைத் தடவினாய், ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். எப்போதும் சரியாகவே சொல்கிறவள் கூடப் பிறப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

தூரத்துப் பூகம்பம் எப்போது வரும்? நாளைக்கா, என் வகுப்புப் பிள்ளைகளின் பேரன் பேத்தி காலத்திலா? அதைக் கேட்டால் மட்டும் உங்களுக்கெல்லாம் வாய் அடைத்துப்போகும். மழை எப்போது வரும் என்று கேள், நான் சொல்கிறேன். போன வாரம் வந்தது. கொட்டகையின் பாதித் தகரத்தைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் வகுப்பை எங்கே வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பின்னால் இருக்கும் பழைய செங்கல் கட்டடத்தில் கிடந்த உடைந்த பெஞ்சுகளையெல்லாம் வெளியே எறிந்துவிட்டு, கூட்டிப் பெருக்கி, வெள்ளையடித்து, அங்கே மாற்றிவிட்டேன். சுண்ணாம்பு உதிர்கிறது, ஆனால் ஒழுகவில்லை.

அந்த வகுப்பில் ஒரு வாண்டு இருக்கிறாள். நான் இந்தப் பக்கம் திரும்பினால் போதும், என் மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு "அங்க என்ன சத்தம்?" என்பாள். குட்டி டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடுகிறோம். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். புது இடத்துக்குப் போன அன்றைக்கு அவள் என்னிடம், "இங்க நீங்க கத்தாமலே கேக்குது டீச்சர்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடிக் கட்டடம் கிடைக்காவிட்டால் போகிறது, ஒரு வகுப்பாவது மனுஷர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

தங்கை


ஜூலை 20

தங்கைக்கு,

எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது. வந்தால் என்ன செய்யும் என்பது தெரியும். அது போதாது என்று நீ சொன்னால், போதாதுதான்.

கல்யாண விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம். அதில் சரியாகச் சொன்னதற்காக நான் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை. நான் சொன்னது தப்பாகப் போயிருந்தால் முதலில் ஆடிப் பாடியிருப்பவள் நான்தான்.

இங்கே மேலாளர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என் மேசையைப் பிரிண்டருக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க அது கடகடவென்று மற்றவர்கள் அறிக்கையைத் துப்புகிறது. அதில் எத்தனை சராசரி இருக்கிறதோ. உன் மனைக் கணக்கை மட்டும் மறுபடி ஒருமுறை முதலிலிருந்து போட்டேன். எங்காவது பிசகியிருந்தால் உனக்காக அதைப் பிடித்துக்கொண்டு தொங்கலாமே என்று ஆசை. பிசகவில்லை. பக்கத்துப் பூகம்பத்துக்கு மணல் அசையாது, தூரத்துக்கு நிற்காது. அதே விடைதான்.

மூன்றாம் வகுப்பை மாற்றியது நல்ல காரியம். செங்கல் கட்டடம்தானே, பழசாக இருந்தாலும் கெட்டியாக இருக்கும். மழைக்காலம் முடியும்வரை அங்கேயே வைத்துக்கொள். ஜல்லி வேலைக்குச் செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். வகுப்பறைகளை மட்டும் அந்த மனையின் மேட்டுப் பக்கம் தள்ளினால் பாதி குறையலாம். கொஞ்சம் பொறு.

குட்டி டீச்சருக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 3

பூகம்பம் வந்துவிட்டது. செய்தியில் பார்த்திருப்பாய்.

உன் பக்கத்துப் பூகம்பம்தான். நீ எழுதிய மாதிரியே, வெடுக்கென்று ஒரு உலுக்கு. கொட்டகையில் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் ஒரு கோடு இழுத்தது, அவ்வளவுதான். தகரம் சடசடத்துவிட்டு அப்படியே நின்றது. பிள்ளைகள் கத்தினார்கள், நான்கூட "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்றேன். அப்புறம்தான் பின்னாலிருந்து தூசி வந்தது.

செங்கல் கட்டடத்தின் தெற்குச் சுவர் முழுசாக உள்பக்கம் விழுந்திருந்தது. செங்கல்லுக்கு நடுவில் சிமெண்டே இல்லை, மண். கையால் தள்ளினால் உதிர்கிற மண். நானும் ஆயாவும் ரோட்டில் போனவர்களும் கையாலேயே வாரினோம். எல்லாப் பிள்ளைகளையும் எடுத்துவிட்டோம். கை கால் முறிந்தவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். குட்டி டீச்சரைக் கடைசியாக எடுத்தோம். அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் எனக்கு என்ன தோன்றியதோ, நேராக நம் மனைக்குப் போனேன். ஒரு விரிசல் இல்லை அக்கா. ஒரு பிடி மணல் மேலே வரவில்லை. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. புதுக் கட்டடம் மட்டும் இதற்குள் எழும்பி அங்கே நின்றிருந்தால் இன்றைக்கு ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்புகூட ஆகியிருக்காது.

"செங்கல் கட்டடம்தானே, பழசாக இருந்தாலும் கெட்டியாக இருக்கும்." உன் கையெழுத்துதான். எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் வேறு யார் இதை எழுதியிருந்தாலும் தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்று விட்டுவிடுவேன். நீ எழுதலாமா? உனக்குத் தெரியாதா?


செப்டம்பர் 12

தங்கைக்கு,

வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை. அம்மா ஜன்னல் வழியாக, "இப்ப வேணாம்டி, அவ ஆறட்டும்" என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விழுந்த சுவரிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துப் பார்த்தேன், விரலுக்கு மண் ஒட்டியது. அந்தப் பிள்ளையின் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. "டீச்சரைப் பாக்க வந்தீங்களா? அவங்க பாவம், கை நகமெல்லாம் போயிருச்சு" என்றார். செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறாய். தெரியும். பக்கத்துப் பூகம்பம் அந்த ஊரில் எவ்வளவு பலமாக உலுக்கும் என்று கணக்குப் போட்டவளே நான். அந்த எண் என் மேசை மேல் இருந்தது. அதே உலுக்கலுக்குப் பழைய செங்கல் சுவர் நிற்காது என்பதை எங்கள் அலுவலகத்துக்கு நேற்று வந்து சேர்ந்த பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் என்னைக் கேட்ட கேள்வி மணலைப் பற்றியது. மணலுக்கு என்ன ஆகும் என்று பார்த்தேன், மறுபடி பார்த்தேன், சரியாகவே பார்த்தேன். "இங்கே கட்டாதே" என்று சொன்னால் அதுவரை பிள்ளைகள் எங்கே உட்கார்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ கடிதத்தில் எழுதியும் தோன்றவில்லை. பென்சில் வாங்கத் தோன்றிற்று.

இதை எப்படி எழுதுவது என்று நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். இப்போது எழுதப் போவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தே எழுதுகிறேன். கூடிய சீக்கிரம் உன்னிடம் அதிகாரிகள் வருவார்கள். "பூகம்பமே வந்து போயிடுச்சு, மனை அசையலை, பரீட்சையில பாஸ்" என்பார்கள். நம்பாதே. வந்தது பக்கத்துப் பூகம்பம். அதற்கு இளகாது என்று அறிக்கையிலேயே இருக்கிறது. தூரத்தில் இருப்பது இன்னும் வரவில்லை. ஒரு பிள்ளை போன பிறகும் உனக்கு இதைத்தான் எழுதுகிறேன் பார். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா


அக்டோபர் 6

அக்காவுக்கு,

நீ சொன்ன மாதிரியே வந்தார்கள். அதே பெரிய அதிகாரி, இந்தத் தடவை காரிலிருந்து இறங்கி வந்தார். நாங்கள் தார்ப்பாய்க்குக் கீழே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். "டீச்சர், இனி ஒரு நாள் தாமதிக்க மாட்டோம். மனையைப் பூகம்பமே டெஸ்ட் பண்ணிட்டுப் போயிடுச்சு. பள்ளிக் குழு சம்மதம்னு செயலாளருங்கிற முறையில நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும், அடுத்த வாரமே அஸ்திவாரம் தோண்டுறோம். அந்தப் பாப்பா பேரையே வச்சிடுவோம்" என்றார். ஜல்லி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பேனாவைத் திறந்துவிட்டேன். உன் கடிதம் வராமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன், சந்தோஷமாகப் போட்டிருப்பேன். "சார், இப்ப வந்தது பக்கத்துப் பூகம்பம். தூரத்துலேருந்து வர்றது நெடுநேரம் ஆட்டும். அதுக்கு இந்த மணல் நிக்குமா?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். "நீங்களும் உங்க அக்கா மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டீங்களே" என்றார். என்னை யாரும் இதைவிட மோசமாகத் திட்டியதில்லை.

குட்டி டீச்சரின் அப்பாவையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "போடுங்க டீச்சர். இன்னும் ரெண்டு சின்னதுங்க எனக்கு இருக்கு. அதுங்களாவது நல்ல சுவத்துக்குள்ள உக்காரட்டும். எம் பொண்ணு பேரு வருதுன்னு சொல்றாங்க." நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். மணலையும் தண்ணீரையும் பற்றி அந்த மனிதனிடம் நின்று விளக்கினேன் அக்கா. கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "வராத பூகம்பத்துக்குப் பயந்துதானே அன்னிக்கும் கட்டாம விட்டீங்க? உங்க வயித்துல பொறந்ததா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?" என்றார். எனக்கு வயிற்றில் பிறந்தது எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் கேட்டார். நான் நிதானமாக நின்றேன். கத்தினது அவர்தான். சுற்றி நின்ற எல்லோரும் என்னைத்தான் காறித் துப்பாத குறையாகப் பார்த்தார்கள். அவருடைய சின்னப் பையன்கள் இரண்டு பேரையும் மறுநாளிலிருந்து பள்ளிக்கு அனுப்பவில்லை. மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்குகிறார்கள்.

நீ சொன்னது சரி. இதிலும் சரி. நீ தப்பாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும், உன்னை வெறுத்துவிட்டு அந்தத் தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். இப்போது வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. உனக்காக நான் அவரிடம் பேச்சு வாங்கினேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறவர்களுக்காக வாங்கினேன்.

நீ வர வேண்டாம். அம்மா உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் நான் பஸ் ஏற்றி அனுப்புகிறேன். வகுப்பறையை மேட்டுப் பக்கம் தள்ளினால் செலவு பாதி குறையும் என்று எழுதியிருந்தாயே, அதை முழுசாக எழுதி, படம் போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதை எடுத்துக்கொண்டு நான் மறுபடியும் படி ஏறுகிறேன். வீட்டு முகவரிக்கு வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கே அனுப்பு.

தலைமையாசிரியை